புத்தகப் பஞ்சம்: மராக்கேஷ் திறந்த வழியும் தமிழுக்கு மிச்சமிருக்கும் வேலையும்

'ஹாரி பாட்டர்' வரிசையின் இரண்டாம் நாவலை ஆங்கிலம் பேசும் நாடுகளின் பார்வையற்றோர் தொண்டு நிறுவனங்கள் தத்தம் வாசகர்களுக்காக மாற்றியமைத்தன. நூல் ஒன்றுதான், மொழியும் ஒன்றுதான். ஆனாலும் பிரெயிலுக்கு 5 மூலக்கோப்புகளும், டெய்சி என்ற ஒலிநூல் வடிவுக்கு 8 மூலக்கோப்புகளும் தனித்தனியாக உருவாக்கப்பட்டன. ஒருவர் செய்ததை மற்றவர் வாங்கிக்கொள்ள முடிந்திருந்தால், மிச்சமான பணத்தில் இன்னும் 4 பிரெயில் நூல்களையும் 7 டெய்சி நூல்களையும் செய்து முடித்திருக்கலாம் என்று உலகப் பார்வையற்றோர் ஒன்றியம் கணக்குக் காட்டியது.

இந்த வீண்செலவுக்குக் காரணம் சட்டம். பார்வையற்றவருக்காக ஒரு நூலை மாற்றியமைக்கப் பல நாடுகளின் பதிப்புரிமைச் சட்டங்கள் விலக்கு அளித்திருந்தன. ஆனால் அந்த விலக்கு நாட்டின் எல்லையோடு முடிந்துவிடும். ஸ்பெயினின் ஓன்சே என்ற பார்வையற்றோர் அமைப்பிடமும் அர்ஜென்டினாவின் திஃப்ளோலிப்ரோஸ் நூலகத்திடமும் ஆயிரக்கணக்கான ஸ்பானிய நூல்கள் அணுகத்தக்க வடிவில் இருந்தன. அதே மொழி பேசும் பிற லத்தீன் அமெரிக்க நாடுகளின் வாசகர்களுக்கு அவற்றை அனுப்பச் சட்டம் இடம் கொடுக்கவில்லை. விலக்கே இல்லாத நாடுகள் இன்னும் மோசம். அங்கே ஒவ்வொரு நூலுக்கும் பதிப்பாளரின் அனுமதி கேட்டுக் கடிதம் எழுதிக் காத்திருக்க வேண்டும்.

இந்த நிலைக்கு 'புத்தகப் பஞ்சம்' என்று பெயர் வைத்தார்கள். வெளியாகும் நூல்களில் பார்வையற்றோர் படிக்கத்தக்க வடிவம் பெறுபவை ஏழை நாடுகளில் நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை, பணக்கார நாடுகளிலும் அது பத்தை எட்டவில்லை என்பது உலகப் பார்வையற்றோர் ஒன்றியத்தின் மதிப்பீடு. அக்காலத்தில் உலகில் பார்வைக் குறைபாடு உள்ளவர்கள் 28.5 கோடிப் பேர் என்றும், அவர்களில் 90 விழுக்காட்டினர் வளரும் நாடுகளில் வாழ்கிறார்கள் என்றும் உலகச் சுகாதார நிறுவனம் கணித்திருந்தது.

இந்தப் பஞ்சத்தைத் தீர்க்க 2013இல் மொரோக்கோவின் மராக்கேஷ் நகரில் நாடுகள் கூடி ஓர் ஒப்பந்தம் செய்தன. மாற்றுத்திறனாளிகளின் உரிமைக்காகப் பன்னாட்டு ஒத்துழைப்பு என்னென்ன செய்யலாம் என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று குறைவு. அந்த ஒத்துழைப்பு எந்த இடத்தில் நின்றுவிடுகிறது, அதற்குப் பிறகு யாருடைய கடமை தொடங்குகிறது என்பதையும் அதே ஒப்பந்தம் காட்டுகிறது. தமிழ் வாசகர்கள் கவனிக்க வேண்டியது இந்த இரண்டாவது பாடத்தை.

ஆறு புள்ளிகளில் ஒரு முன்னோடி

மராக்கேஷுக்கு 62 ஆண்டுகளுக்கு முன்பே இந்திய மொழிகளின் பார்வையற்ற வாசகர்களுக்குப் பன்னாட்டு ஒத்துழைப்பு பெரிய நன்மை ஒன்றைச் செய்திருக்கிறது. விடுதலைக்கு முன் இந்தியாவில் ஒன்றோடொன்று பொருந்தாத பல பிரெயில் முறைகள் புழக்கத்தில் இருந்தன. ஒரு முறையில் அச்சிட்ட நூல் இன்னொரு முறையில் பயின்றவருக்குப் பயன்படாது. 1949இல் இந்திய அரசு யுனெஸ்கோவின் உதவியை நாடியது. இப்பணிக்கு ஆலோசகராக இருந்தவர் நியூசிலாந்தின் சர் க்ளூதா மெக்கன்ஸி. முதல் உலகப் போரின் கல்லிப்பொலிக் களத்தில் பார்வையை இழந்தவர், பின்னர் இந்தியாவிலும் பணியாற்றியவர். 1950இல் பாரிஸிலும் 1951இல் பெய்ரூட்டிலும் நடந்த மாநாடுகள் ஒரு கொள்கையில் உடன்பட்டன: இயன்ற வரையில் ஒரே ஒலிக்கு எல்லா மொழிகளிலும் ஒரே புள்ளி வடிவம். இப்படிப் பிறந்ததுதான் பாரதி பிரெயில்.

அதன் அழகைத் தமிழில் விரல் வைத்துப் பார்க்கலாம். பிரெயிலின் ஒவ்வொரு கட்டத்திலும் ஆறு புள்ளிகளுக்கு இடம் உண்டு. 'தமிழ்' என்ற சொல் அதில் ஐந்து கட்டங்கள்: த, ம, இ, புள்ளி, ழ. மெய்யெழுத்தின் புள்ளி அச்சில் எழுத்தின் தலைமேல் நிற்கும். பிரெயிலில் அது எழுத்துக்கு முன்னால் வந்து, அடுத்து வருவது மெய் என்று விரலுக்கு அறிவித்துவிடும். 'கொடி' என்பதில் ககரத்தின் இருபுறமும் அச்சில் நிற்கும் குறிகளுக்குப் பதிலாக, க-வை அடுத்து ஒகரம் ஒரே கட்டமாக வருகிறது. தகரத்துக்கு 2, 3, 4, 5 ஆகிய புள்ளிகள். இந்தியின் தகரத்துக்கும் அவையே, ஆங்கிலத்தின் 'டி' எழுத்துக்கும் அவையே. தமிழில் பிரெயில் கற்ற குழந்தை இந்திக்கோ ஆங்கிலத்துக்கோ போகும்போது பாதி எழுத்துகள் ஏற்கெனவே பழகியவையாக இருக்கும். பார்வையுள்ள குழந்தைக்குக் கிடைக்காத வசதி இது. யாழ்ப்பாணத்தில் கற்றவரின் பிரெயிலை மதுரையில் கற்றவர் தடையின்றிப் படிக்க முடிவதும் அந்த உடன்பாட்டின் பயன்தான்.

மாநாட்டுத் தீர்மானம் மட்டும் இந்தப் பயனைத் தந்துவிடவில்லை. 1951இல் தேராதூனில் மத்திய பிரெயில் அச்சகம் தொடங்கப்பட்டது. மாநிலங்களின் பள்ளிகள் புதிய முறையைக் கற்பித்தன. பன்னாட்டு உடன்பாடும் உள்ளூர் உழைப்பும் சேர்ந்தபோதுதான் பிரெயில் விரலுக்கு வந்தது.

மராக்கேஷ் வரை

இந்த ஒத்துழைப்புக்கு உரிமையின் மொழியைக் கொடுத்தது ஐக்கிய நாடுகள் சபை 2006 டிசம்பர் 13 அன்று ஏற்றுக்கொண்ட மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் உடன்படிக்கை. 2007 மார்ச் 30 அன்று அது கையெழுத்துக்குத் திறக்கப்பட்டபோது முதல் நாளிலேயே 82 கையெழுத்துகள் விழுந்தன. இந்தியா அதே ஆண்டு அக்டோபரில் அதை உறுதி செய்தது. அறிவுசார் சொத்துரிமைச் சட்டங்கள் மாற்றுத்திறனாளிகளின் பண்பாட்டு நுகர்வுக்கு நியாயமற்ற தடையாக இருக்கக் கூடாது என்கிறது அதன் 30ஆம் உறுப்பு. 32ஆம் உறுப்பு முழுவதும் பன்னாட்டு ஒத்துழைப்பைப் பற்றியது. அதன் இரண்டாம் பத்தி அடிக்கடி மறக்கப்படுகிறது: ஒத்துழைப்பு பற்றிய விதிகள், ஒரு நாடு தன் மக்களுக்குச் செய்ய வேண்டிய கடமையைக் குறைத்துவிடா. வெளியுதவி வரவில்லை என்று சொல்லி எந்த அரசும் கையை விரித்துவிட முடியாது என்பது இதன் பொருள்.

உடன்படிக்கை கொள்கையைச் சொன்னது, பதிப்புரிமைச் சட்டமோ மாறாமல் இருந்தது. எனவே உலகப் பார்வையற்றோர் ஒன்றியம் தானே ஓர் ஒப்பந்த வரைவை எழுதியது. பிரேசில், ஈக்வடார், பராகுவே ஆகிய மூன்று நாடுகள் 2009இல் அதை ஜெனீவாவில் உள்ள உலக அறிவுசார் சொத்துரிமை அமைப்பின் முன் வைத்தன. தங்களைப் பாதிக்கும் சட்டத்தைப் பார்வையற்றவர்களே எழுதி, வளரும் நாடுகளின் வழியாக மேசைக்குக் கொண்டுவந்தார்கள். இந்த வரலாற்றில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இதுதான்.

எதிர்ப்பு வலுவாக இருந்தது. அமெரிக்காவும் ஐரோப்பிய ஒன்றியமும் முதலில் கட்டுப்படுத்தாத பரிந்துரைகள் போதும் என்றன. ஒரு பிரிவினருக்கு விலக்கு அளித்தால் நாளை மற்றவர்களும் கேட்பார்கள் என்று பதிப்புத் துறையும் திரைப்படத் துறையும் அஞ்சின. 2010இல் பாடகர் ஸ்டீவி வொண்டர் ஜெனீவாவுக்கு வந்து, முட்டுக்கட்டையை விலக்கும்படி நாடுகளின் பிரதிநிதிகளிடம் நேரில் கேட்டுக்கொண்டார். மூன்றாண்டு இழுபறிக்குப் பிறகு 2013 ஜூன் 27 அன்று ஒப்பந்தம் நிறைவேறியது. மறுநாள் 51 நாடுகள் கையெழுத்திட்டன. ஸ்டீவி வொண்டர் மராக்கேஷுக்கே வந்து பாடினார்.

ஒப்பந்தத்தின் சாரம் இரண்டு கட்டளைகள். ஒன்று, அச்சு நூலைப் படிக்க இயலாதவர்களுக்காக அதை அணுகத்தக்க வடிவில் மாற்ற, உரிமையாளரின் அனுமதி தேவையில்லாத விலக்கை ஒவ்வொரு நாடும் தன் சட்டத்தில் சேர்க்க வேண்டும். இரண்டு, அப்படி மாற்றிய பிரதியை மற்ற உறுப்பு நாடுகளுக்கு அனுப்பவும் அங்கிருந்து பெறவும் வழிவிட வேண்டும். பார்வையற்றவர்களோடு, டிஸ்லெக்ஸியா போன்ற வாசிப்புக் குறைபாடு உள்ளவர்களும், உடற்குறையால் நூலைக் கையில் பிடிக்கவோ பக்கத்தைப் புரட்டவோ முடியாதவர்களும் பயனாளிகள்.

ஒப்பந்தத்துக்குக் குறைகளும் உண்டு. திரைப்படங்கள் அதன் வரம்புக்குள் வரவில்லை. காதுகேளாதோருக்கு அது எதையும் தரவில்லை. சந்தையில் நியாயமான விலைக்கு அணுகத்தக்க பிரதி கிடைக்குமானால் விலக்கு பொருந்தாது என்று ஒரு நாடு அறிவித்துக்கொள்ளவும் இடம் விட்டிருக்கிறார்கள். அப்படிப்பட்ட நாட்டில், ஒரு நூலகர் ஒவ்வொரு நூலுக்கும் முதலில் சந்தையைத் தேடிப் பார்க்க வேண்டிய சுமை விழுகிறது.

20 நாடுகள் உறுதி செய்தால்தான் ஒப்பந்தம் உயிர்பெறும். 2014 ஜூன் 24 அன்று முதல் நாடாக உறுதி செய்தது இந்தியா. இருபதாவதாக 2016 ஜூன் 30 அன்று கனடா சேர்ந்தது. அதே ஆண்டு செப்டம்பர் 30 அன்று ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது. முதல் இருபதில் பெரும்பாலானவை வளரும் நாடுகள். பலவற்றில் ஒத்துப்போகாத வடகொரியாவும் தென்கொரியாவும்கூட அந்த இருபதில் இருந்தன. ஐரோப்பிய ஒன்றியம் 2018இலும், அமெரிக்கா 2019இலும் வந்து சேர்ந்தன.

இந்தியச் சட்டமும் சென்னையின் பங்கும்

இந்தியா முதலிடம் பிடிக்க முடிந்ததற்குக் காரணம், வீட்டு வேலையை அது முன்பே முடித்துவிட்டதுதான். 2010இல் அறிமுகமான பதிப்புரிமைத் திருத்த மசோதா பிரெயில் போன்ற 'சிறப்பு வடிவங்களுக்கு' மட்டுமே விலக்குத் தந்தது. பார்வையற்றவர்களிலும் பெரும்பாலானோர் பிரெயில் அறியாதவர்கள். கணினியிலும் கைபேசியிலும் கேட்டுப் படிப்பவர்களுக்கு அந்த மசோதாவால் பயனில்லை. டிஸ்லெக்ஸியா உள்ள மாணவருக்கு அதில் இடமே இல்லை. இதை எதிர்த்து 'படிக்கும் உரிமை' இயக்கம் எழுந்தது. அதில் முன்னின்றவர் சென்னையைச் சேர்ந்த வழக்கறிஞர் ராகுல் செரியன். தாமும் மாற்றுத்திறனாளியான அவர், டெல்லியில் நாடாளுமன்ற நிலைக்குழுவிடமும், ஜெனீவாவில் ஒப்பந்தப் பேச்சுகளிலும் ஒரே வாதத்தை வைத்தார்: வடிவம் எதுவாக வேண்டுமானாலும் இருக்கட்டும், வாசகருக்கு அது பயன்பட வேண்டும். 2013 பிப்ரவரியில், ஒப்பந்தம் நிறைவேறுவதற்குச் சில மாதங்களுக்கு முன், இளம் வயதிலேயே அவர் காலமானார்.

2012இல் நிறைவேறிய திருத்தத்தின் 52(1)(இசட்பி) பிரிவு அந்த வாதத்தை ஏற்றது. மாற்றுத்திறனாளிகளுக்காக எவரும், எந்தப் படைப்பையும், எந்த அணுகத்தக்க வடிவிலும் மாற்றலாம். தனிப்பட்ட வாசிப்புக்கும் படிப்புக்கும் ஆய்வுக்கும் அதைப் பகிரலாம். தொண்டு நிறுவனங்கள் லாப நோக்கமின்றித் தயாரிப்புச் செலவை மட்டும் வாங்கிக்கொள்ளலாம். அந்தப் பிரதிகள் வணிகச் சந்தைக்குள் புகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். லாப நோக்கில் செய்ய விரும்புவோர் 31பி பிரிவின்கீழ் கட்டாய உரிமம் கேட்கலாம். சந்தையில் கிடைக்கிறதா என்று தேடச் சொல்லும் நிபந்தனை இல்லை. பயனாளிகள் பார்வையற்றோர் மட்டுமல்லர், எல்லா மாற்றுத்திறனாளிகளும்தான். மராக்கேஷ் கேட்டதைவிட இந்தியச் சட்டம் தாராளமானது.

2016 ஆகஸ்டில் 'சுகம்ய புஸ்தகாலயா' என்ற இணைய நூலகம் தொடங்கியது. மத்திய அரசின் மாற்றுத்திறனாளிகள் துறை, டெய்சி ஃபோரம் ஆஃப் இந்தியா, டிசிஎஸ் நிறுவனம் ஆகியவை சேர்ந்து உருவாக்கியது அது. ஒரு நிறுவனம் மாற்றிய நூலை இன்னொன்று மீண்டும் மாற்ற வேண்டாம் என்பதே அதன் அடிப்படை. உலக அளவில் இதையே செய்கிறது 2014இல் தொடங்கிய அணுகத்தக்க நூல்கள் கூட்டமைப்பு. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட தலைப்புகள் அதன் பட்டியலில் உள்ளன.

சட்டம் தடுக்காத இடத்தில்

உலகில் தமிழ் நூல்களைப் படிப்பவர்கள் கணிசமாக வாழும் நாடுகளை எண்ணிப் பாருங்கள்: இந்தியா, இலங்கை, சிங்கப்பூர், மலேசியா, கனடா, பிரிட்டன், பிரான்ஸ், ஆஸ்திரேலியா. இவை அனைத்தும் மராக்கேஷ் ஒப்பந்தத்துக்குள் வந்துவிட்டன. சிங்கப்பூர் 2015இலும், இலங்கை 2016இலும், மலேசியா 2022இலும் சேர்ந்தன. கோவையில் செய்த அணுகத்தக்க தமிழ் நூல் டொரான்டோவில் உள்ள பார்வையற்ற வாசகருக்குப் போகலாம். கோலாலம்பூரில் செய்தது மட்டக்களப்புக்கு வரலாம். ஸ்பானியம் பேசுவோர் ஏங்கிய வாய்ப்பு தமிழருக்குச் சட்டப்படி முழுமையாகக் கிடைத்திருக்கிறது.

இதற்கும் மேலாகத் தமிழுக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. தமிழ்நாடு அரசு எழுத்தாளர்களின் நூல்களை நாட்டுடைமையாக்கிப் பொதுவுக்குத் தருகிறது. அந்த நூல்களைப் பொறுத்தவரை யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதே இல்லை. ஆனாலும் அவற்றில் பலவற்றைப் பார்வையற்றவர் இன்னும் படிக்க முடியவில்லை. இதற்குப் பதிப்புரிமையைக் குறை சொல்ல முடியாது. நூல் எந்த வடிவில் வலையேறுகிறது என்பதில் இருக்கிறது கோளாறு.

மின்னூலகங்களில் உள்ள தமிழ் நூல்களில் மிகப் பெரும் பகுதி, பக்கங்களை ஸ்கேன் செய்த படங்கள். பார்வையுள்ளவருக்கு அது நூல்தான். பார்வையற்றவரின் கணினியில் திரையிலுள்ள எழுத்தை ஒலியாகப் படித்துக் காட்டும் ஸ்கிரீன் ரீடருக்கு அது வெற்றுத்தாள். கோப்பைத் திறந்தால் ஒரு சொல்லும் ஒலிக்காது.

அச்சகத்திலிருந்து வரும் பிடிஎஃப் கோப்பில் எழுத்து இருக்கிறதே என்று நினைக்கலாம். அங்கே வேறொரு சிக்கல். பழைய எழுத்துருக்களில் கோத்த பக்கங்கள் யூனிகோடு என்ற உலகப் பொதுக் குறியீட்டில் இல்லை. பாமினி எழுத்துருவில் 'தமிழ்' என்று தட்டினால் திரையில் தமிழ் தெரியும். கோப்புக்குள் இருப்பதோ ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும்தான். ஸ்கிரீன் ரீடர் அதைத்தான் படிக்கும். முந்நூறு பக்க நாவலை இப்படிக் கேட்டுப் பார்த்தால், அந்த வாசகரை நாம் எங்கே நிறுத்தியிருக்கிறோம் என்பது விளங்கும். 2010இலேயே தமிழ்நாடு அரசு யூனிகோடைத் தன் தரமாக ஏற்றுவிட்டது. பழைய எழுத்துருக்கள் இன்னும் முழுதாக விடைபெறவில்லை.

படத்தை எழுத்தாக மாற்றும் ஓசிஆர் மென்பொருள்கள் இப்போது நன்றாகத் தேறியிருக்கின்றன. ஆனால் அச்சு மங்கிய பழைய நூல்களில் 'ர' எழுத்தும் துணைக்காலும் குழம்பிப்போகும். 'பாடம்' என்பது 'பரடம்' ஆகும். பக்கம் பக்கமாக ஒருவர் உட்கார்ந்து மெய்ப்புப் பார்க்காமல் அதைத் தேர்வுக்குப் படிக்கும் மாணவரிடம் கொடுக்க முடியாது. இந்த உழைப்பைப் பெரும்பாலும் தன்னார்வலர்களும், மாணவரின் வீட்டாரும், விடுதி நண்பர்களும் சத்தமில்லாமல் செய்துவருகிறார்கள். ஒரே பாடநூலைப் பல கல்லூரிகளில் பலர் தனித்தனியே ஒலிப்பதிவு செய்கிறார்கள். ஹாரி பாட்டருக்கு நாடுகளுக்கு இடையில் நேர்ந்த வீண்செலவு இங்கே ஒரே மாநிலத்துக்குள், அடுத்தடுத்த ஊர்களில் நடக்கிறது.

நம்மால் முடியும் என்பதற்கும் சான்று உண்டு. 1998 பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டம், உலகெங்கும் பரவிய தமிழர்கள் ஊதியமின்றித் தட்டச்சு செய்து மெய்ப்புப் பார்த்த நூல்களின் தொகுப்பு. அவர்கள் படங்களாக விடாமல் எழுத்துக் கோப்புகளாகச் செய்ததால், சங்க இலக்கியத்தை இன்று பார்வையற்ற தமிழாசிரியர் யார் துணையுமின்றிப் படிக்கிறார். அவர் பயன்படுத்தக்கூடிய என்விடிஏ என்ற ஸ்கிரீன் ரீடரும் இத்தகைய ஒத்துழைப்பின் கனிதான். ஆஸ்திரேலியாவின் இரண்டு பார்வையற்ற இளைஞர்கள் 2006இல் தொடங்கி இலவசமாகத் தந்த மென்பொருள் அது. தன்னார்வலர்கள் அதைத் தமிழிலும் பேசவைத்தார்கள். அண்டை நாட்டிலும் ஒரு முன்மாதிரி இருக்கிறது. வங்கதேசத்தின் சிட்டகாங்கில் இயங்கும் இப்சா அமைப்பு, பார்வையற்றவர்களையே பணியில் அமர்த்தி, 1 முதல் 10 வகுப்பு வரையான பாடநூல்களை டெய்சி வடிவில் செய்து முடித்தது. வங்கதேசம் மராக்கேஷில் சேர்ந்தது அதற்குப் பல ஆண்டுகள் கழித்து, 2022இல்தான்.

பிறக்கும்போதே அணுகத்தக்க நூல்

வெளியான நூலைப் பின்னால் மாற்றிக்கொண்டே இருப்பது முடிவில்லாத வேலை. வெளியாகும்போதே நூல் எல்லோருக்கும் படிக்கத்தக்கதாக இருப்பதுதான் தீர்வு. ஐரோப்பிய ஒன்றியத்தின் அணுகல் சட்டம் 2025 ஜூன் 28 முதல் மின்னூல்களுக்கு இதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. தலைப்புகளும் இயல்களும் முறையாகக் குறிக்கப்பட்டிருக்க வேண்டும், படங்களுக்குச் சொற்களில் விளக்கம் இருக்க வேண்டும், நகலெடுப்பதைத் தடுக்கும் பூட்டுக் குறியீடுகள் ஸ்கிரீன் ரீடரைத் தடுக்கக் கூடாது.

அந்த ஐரோப்பிய நூல்களில் பல எங்கே பக்கம் கோக்கப்படுகின்றன? சென்னையிலும் புதுச்சேரியிலும். மேலைநாட்டுக் கல்விப் பதிப்பகங்களுக்கு அச்சுக்கோப்பும் மின்னூலாக்கமும் செய்து தரும் நிறுவனங்கள் இங்கே வரிசையாக இருக்கின்றன. இபப் என்ற மின்னூல் கோப்பில் இயல் குறிப்பதும், படத்துக்கு விளக்கம் எழுதுவதும் நம் ஊர் இளைஞர்களுக்குக் கைவந்த தொழில். அந்தத் திறமை பெர்லினில் உள்ள வாசகருக்குப் பயன்படும்போது, பெரம்பூரில் உள்ள வாசகருக்கும் பயன்பட வேண்டும் என்று கேட்பது நியாயம்.

செய்ய வேண்டியவை எளியவை. நூலகத் துறை நூலக ஆணை வழங்கும்போது, அச்சுப் பிரதிகளோடு யூனிகோடில் அமைந்த இபப் கோப்பு ஒன்றையும் பதிப்பாளரிடம் கேட்கலாம். தமிழ்ப் பதிப்புத் தொழிலுக்கு நூலக ஆணை எவ்வளவு பெரிய ஆதாரம் என்பது தெரிந்தவர்களுக்கு, இந்த ஒரு நிபந்தனையின் வலிமை விளங்கும். நாட்டுடைமை நூல்களை எழுத்துக் கோப்பாகவும் வெளியிடலாம். கல்லூரிகள் தனித்தனியே மாற்றும் நூல்களைப் பொதுத் தொகுப்பில் சேர்க்கலாம். இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் அமைப்புகளோடு பட்டியலைப் பகிர்ந்துகொண்டால் ஒருவர் செய்ததை மற்றவர் மறுபடி செய்ய வேண்டாம். இவற்றை முடிவு செய்யும் குழுக்களில் பார்வையற்ற வாசகர்கள் உறுப்பினர்களாக இருக்க வேண்டும். வாசகர்களே வரைவு எழுதியதால் கிடைத்தது மராக்கேஷ் ஒப்பந்தம். அவர்களைக் கேட்காமல் அமைத்த மின்னூலகங்கள் அவர்களிடம் பேசுவதில்லை.

பன்னாட்டு ஒத்துழைப்பு தமிழ் வாசகருக்குத் தர வேண்டியதில் பெரும்பங்கைத் தந்துவிட்டது: ஆறு புள்ளிகளில் ஓர் எழுத்து முறை, எல்லை தாண்டும் உரிமை, விலையில்லாத மென்பொருள். 32ஆம் உறுப்பின் இரண்டாம் பத்தி சொல்லும் கடமை இப்போது நம்முடையது. தமிழ் நூல் ஒன்று வெளியாகும் நாளிலேயே பார்வையற்ற வாசகரும் அதை வாங்கிப் படிக்க வேண்டும் என்பதை நம் பதிப்பகங்களும் பாடநூல் கழகமும் நூலகத் துறையும் தங்கள் நடைமுறையாக அறிவிக்க வேண்டும். அதற்குத் தேவையான சட்டமும் தொழில்நுட்பமும் ஆட்களும் இருக்கும்போது, தாமதத்துக்குச் சொல்ல நம்மிடம் ஒரு காரணமும் மிச்சமில்லை.